கால்குலேட்டர்காரர்கள் ஏன் கம்ப்யூட்டர் விற்கப் போனார்கள்?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

"ஆல்டேர் செய்தவர்கள், காமடோர், சின்கிளேர் என்று முதல் தலைமுறைச் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பல, அதற்கு முன் கால்குலேட்டர் விற்றவை என்று படித்தேன். இது தற்செயலா? கால்குலேட்டர் செய்யத் தெரிந்தவருக்குக் கம்ப்யூட்டரும் செய்யத் தெரியும், அதனால் போனார்கள், அவ்வளவுதானா? அப்படியென்றால் இன்று அவர்களில் ஒருவரும் ஏன் களத்தில் இல்லை?"

2 மார்ச், இரவு

தற்செயல் இல்லை. தெரிந்த தொழில் என்பதாலும் போகவில்லை. இருந்த இடத்தில் பிழைக்க வழியில்லாமல் போனார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கால்குலேட்டருக்குள் நடக்கும் வேலை முழுவதும் ஓரிரு சிப்புக்குள் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் கால்குலேட்டர் தயாரிப்பு என்றால் சிப் வாங்குவது, பொத்தானும் எண் காட்டும் விளக்கும் வாங்குவது, டப்பாவில் பொருத்தி விற்பது. கொஞ்சம் முதல் இருந்தால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். இறங்கினார்கள். அவர்களில் பலருக்குச் சிப் கொடுத்துவந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 1972-ல் அந்தக் கம்பெனியே தன் பெயரில் கால்குலேட்டர் போட்டு விற்க வந்துவிட்டது. அரிசி மண்டிக்காரரே எதிர்வரிசையில் மெஸ் திறந்து, நமக்கு அரிசி விற்ற விலைக்குச் சாப்பாடு போட்டால் நாம் எத்தனை நாள் தாங்குவோம்?

அமெரிக்காவில் கைக் கால்குலேட்டர் விற்பனையில் முன்வரிசையில் இருந்த போமர் 1975-ல் திவால் மனு கொடுத்தது. மிச்சமிருந்தவர்களுக்கு இரண்டே வழி. கடையைச் சாத்துவது, அல்லது விலை இன்னும் விழாத வேறொரு பொருளைப் பிடிப்பது.

3 மார்ச், காலை

எட் ராபர்ட்ஸ் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்ற ஊர். விமானப்படையில் இருந்த ராபர்ட்ஸ் 1969-ல் நண்பர்களோடு சேர்ந்து எம்.ஐ.டி.எஸ். என்ற கம்பெனியைத் தொடங்கினார். முதலில் செய்தது பொழுதுபோக்கு ராக்கெட்டுகளில் வைக்கும் சின்ன மின்னணுக் கருவிகள். 1971 நவம்பரில் அவர்களுடைய 816 கால்குலேட்டர் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் வந்தது. பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொண்டால் 179 டாலர். நன்றாகவே விற்றது. மூன்றே வருடம்தான். 1974 வாக்கில், ராபர்ட்ஸ் பாகங்கள் வாங்கும் செலவைவிடக் குறைந்த விலைக்கு முழு கால்குலேட்டரே கடையில் கிடைத்தது. கம்பெனி கழுத்தளவு கடனில் நின்றது.

அந்த நிலையில் அவர் செய்ததைக் கவனியுங்கள். கட்டளைகளைப் படித்து நடத்தும் இன்டெல்லின் 8080 சிப் அப்போது புதுசு, தனியாக ஒன்று வாங்கினால் 360 டாலர். மொத்தமாக எடுக்கிறேன் என்று பேசி 75 டாலருக்கு இறக்கினார். வங்கியில் மேலும் கடன் கேட்டார். ஒரு வருடத்தில் 800 விற்கும் என்று அங்கே சொன்னார். 200 விற்றால்தான் போட்ட காசு வரும் என்பது அவர் மனசுக்குள் இருந்த கணக்கு. 1975 ஜனவரி இதழில், அதே பத்திரிகையின் அட்டையில், ஆல்டேர் 8800 வந்தது. பாகங்களாக வாங்கினால் 397 டாலர். விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் வரிசையாக நெம்பு சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே சிவப்பு விளக்குகள். நினைவகம் 256 பைட். ஒவ்வொரு கட்டளையையும் சுவிட்சை மேலும் கீழும் தள்ளித்தான் உள்ளே செலுத்த வேண்டும். அப்படியிருந்தும் வங்கிக்குச் சொன்ன 800 என்ற எண்ணிக்கை சில வாரங்களிலேயே அர்த்தமிழந்துவிட்டது.

அதே பத்திரிகை, அதே அட்டை, தபாலில் காசோலை, தபாலில் பாகங்கள், பற்றவைக்கத் தெரிந்த அதே வாடிக்கையாளர்கள். மாறியது பெட்டிக்குள் இருந்த பொருள் மட்டும். கால்குலேட்டர் தொழிலிலிருந்து ராபர்ட்ஸ் கொண்டுபோன சொத்து இந்த விற்பனை வழிதான் என்பது என் எண்ணம். வட்டமிட்ட நுட்பம் ஏதும் இல்லை.

3 மார்ச், மாலை

மேலே "வட்டமிட்ட நுட்பம்" என்பது அவசரத்தில் விழுந்த சொல். "தனிப்பட்ட தொழில்நுட்பம்" என்று படியுங்கள்.

5 மார்ச், இரவு

இரண்டு நாளாக யோசித்ததில், முதல் குறிப்பில் அடித்துச் சொன்னது பாதிதான் சரி என்று தெரிகிறது. துரத்தப்பட்டு வந்தவர்களை மட்டும் பார்த்துப் பேசிவிட்டேன். அதற்குப் பத்து வருடம் முன்பே, யாரும் துரத்தாமல், கால்குலேட்டரை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக் கம்ப்யூட்டரிடம் கொண்டுபோனவர்கள் உண்டு. ஓலிவெட்டி, ஹியூலெட்-பேக்கார்ட், வாங். மூன்று பேரும் மூன்று விதம்.

ஓலிவெட்டி இத்தாலியில் தட்டச்சுப் பொறிக்குப் பெயர்போன கம்பெனி. பெரிய கம்ப்யூட்டரும் செய்துகொண்டிருந்தார்கள். பணநெருக்கடியில் 1964-ல் அந்த மின்னணுப் பிரிவை ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் கொடுத்துவிட்டார்கள். பியர் ஜார்ஜியோ பெரோத்தோ என்ற பொறியாளரும் சில சகாக்களும் செய்துகொண்டிருந்த மேசை இயந்திரம் மட்டும் ஓலிவெட்டியிடமே தங்கிவிட்டது. இது கால்குலேட்டர், கம்ப்யூட்டர் இல்லை என்று வகைப்படுத்தித்தான் அதைக் காப்பாற்றினார்கள். 1965 அக்டோபரில் நியூயார்க் கண்காட்சியில் வைத்தார்கள். பெயர் புரோகிராமா 101, விலை 3,200 டாலர். சுமார் 44,000 விற்றது. அப்போலோ 11 பயணத்துக்கான கணக்குகளுக்கு நாசா வாங்கிய இயந்திரங்களில் இதுவும் ஒன்று.

அதன் நினைவகம் எனக்கு மிகப் பிடித்த விஷயம். சுருளாகச் சுற்றிய ஒரு கம்பி. எண்களும் கட்டளைகளும் மெல்லிய முறுக்கு அதிர்வுகளாக அந்தக் கம்பியின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனைக்கு ஓடும். வந்து சேர்ந்ததைப் படித்து, உடனே திரும்ப முதல் முனையில் விட வேண்டும். விடாவிட்டால் அழிந்துபோகும். கிணற்று ராட்டினத்தில் வாளி போவதும் வருவதும் போல, எண்கள் ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஞாபகம். மொத்தம் 240 பைட் அளவு. புரோகிராமைக் காந்தப் பட்டை ஒட்டிய அட்டையில் எழுதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எச்.பி. என்கிற ஹியூலெட்-பேக்கார்ட். 1968-ல் வந்த 9100ஏ, விலை 4,900 டாலர். சைன், லாகரிதம் எல்லாம் ஒரே பொத்தானில். எண்கள் மூன்று வரிசையாகச் சின்னத் திரையில் தெரியும். அதில் ஒரு ஐ.சி., அதாவது சிப் கூட இல்லை, நிரந்தர நினைவகத்தையே 16 அடுக்கு அச்சுப் பலகைக்குள் செப்புக் கோடுகளாக வரைந்து வைத்திருந்தார்கள். அதை ஏன் கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை என்பதற்கு, கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான பில் ஹியூலெட் பின்னாளில் காரணம் சொன்னார். கம்ப்யூட்டர் என்று சொல்லியிருந்தால், வாங்கும் நிறுவனங்களில் இருந்த கம்ப்யூட்டர் நிபுணர்கள் 'இது ஐ.பி.எம். மாதிரி இல்லையே' என்று நிராகரித்திருப்பார்கள், அதனால் கால்குலேட்டர் என்றே விற்றோம் என்றார். ஓலிவெட்டியின் காப்புரிமையை ஒட்டியிருந்ததால் எச்.பி. அவர்களுக்குச் சுமார் 9 லட்சம் டாலர் கொடுக்கவும் நேர்ந்தது.

கால்குலேட்டர் என்ற பெயர் ஓலிவெட்டியில் ஒரு இயந்திரத்தை விற்றுப்போகாமல் காத்தது. எச்.பி.யில் அதே பெயர் கொள்முதல் அதிகாரியின் மேசையைத் தாண்ட உதவியது. 1972-ல் எச்.பி. 9830 வந்தபோது அதில் முழு விசைப்பலகையும், பேசிக் என்ற எளிய புரோகிராம் மொழியும் இருந்தன. அப்போதும் அதைக் கால்குலேட்டர் வரிசையில்தான் விற்றார்கள்.

வாங் பற்றி நாளைக்கு.

6 மார்ச், இரவு

ஆன் வாங் 1920-ல் ஷாங்காயில் பிறந்து அமெரிக்கா போய் ஹார்வர்டில் படித்தவர். 1951-ல் தனியாகக் கம்பெனி தொடங்கினார். காந்த வளைய நினைவகம் தொடர்பான காப்புரிமையை ஐம்பதுகளில் ஐ.பி.எம்.முக்கு 5 லட்சம் டாலருக்குக் கொடுத்தார். 1965-ல் அவருடைய முதல் கால்குலேட்டரான லோசி வந்தது. பெருக்கலை லாகரிதத்தின் வழியே கூட்டலாக மாற்றிச் செய்வது அதன் உத்தி. பள்ளியில் லாகரிதம் அட்டவணை புரட்டியவர்களுக்கு உடனே புரியும்.

அடுத்து வந்த 300 வரிசையில், கணக்குப் போடும் பெட்டி தனியாக ஓரமாக உட்கார்ந்திருக்கும். நான்கு மேசைகளில் நான்கு விசைப்பலகைகள், நான்கு பேரும் ஒரே பெட்டியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பெரிய கம்ப்யூட்டரைப் பலர் பங்கிடும் ஏற்பாட்டைக் கால்குலேட்டரிலேயே செய்துவிட்டார் மனிதர்.

மூவரில் வாங்தான் எனக்கு முக்கியமானவராகத் தெரிகிறார். கால்குலேட்டர் அவருக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்திலேயே, சிப் வந்துவிட்டது, இந்த விலை நிற்காது என்று கணித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் விலக ஆரம்பித்தார். தன் மேசைக் கால்குலேட்டரின் மின்னணுவை எடுத்து, ஒரு தட்டச்சுப் பொறியோடும் கேசட்டோடும் இணைத்து, 1200 என்ற பெயரில் கடிதம் தட்டும் இயந்திரமாக்கி 1971-ல் அறிவித்தார். 1973-ல் பேசிக் மொழியோடு 2200 கம்ப்யூட்டர் வந்தது. ஓடும் வண்டியிலிருந்து, அது நிற்பதற்கு முன்பே இறங்கி அடுத்த வண்டியில் ஏறியவர்.

ஆக என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஏறிப் போனவர்கள் ஒரு கூட்டம், அறுபதுகளில். துரத்தப்பட்டு வந்தவர்கள் இன்னொரு கூட்டம், எழுபதுகளின் நடுவில்.

9 மார்ச்

"கால்குலேட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் கோடு எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புத்தக விளக்கம் வேண்டாம், நான் தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

கல்லூரியில் எனக்குப் புள்ளியியல் பாடம். ஆய்வகத்தில் ஃபாசிட் கணக்குப் பொறிகள். சாம்பல் நிறம், தூக்கினால் கை இழுக்கும் கனம், வலப்பக்கம் கைப்பிடி. எண்ணைப் பொத்தானில் அழுத்தி, கைப்பிடியை முன்னால் ஒரு சுற்று சுற்றினால் கூட்டல், பின்னால் சுற்றினால் கழித்தல். வகுத்தல் வந்தால் கழித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் 'டிங்' என்று மணி அடிக்கும். உடனே முன்னால் ஒரு சுற்று சுற்றிச் சரிசெய்து, ஒரு இடம் நகர்த்தி, மறுபடி கழித்தல். பத்துப் பேர் ஒட்டுறவுக் கெழு (கோரிலேஷன்) கண்டுபிடிக்க உட்கார்ந்தால், அறை முழுக்கக் கோயில் மாதிரி மணி கேட்கும். மணி அடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது என் தலையில் இருந்தது; பொறிக்குத் தெரியாது.

பிறகு ஒரு நூற்பாலையில் கூலிக் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில், சென்னை பர்மா பஜாரில், ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்து காசியோ பி.பி.-100 வாங்கினேன். சட்டைப்பையில் வைக்கலாம். ஒரு வரித் திரை, 12 எழுத்து. பேசிக் மொழி. மொத்தம் 544 படிகளுக்கு இடம், பி0 முதல் பி9 வரை பத்துப் புரோகிராம் வைத்துக்கொள்ளலாம்.

அப்போது கூலி ரொக்கம்தான், தனித்தனிக் கவரில். வங்கியில் பணம் எடுக்கும் முன்பே 100 ரூபாய் நோட்டு எத்தனை, 50 எத்தனை, 20, 10, 5, 2, 1 எத்தனை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மொத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொருவர் கூலியையும் தனியாகப் பிரித்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். முன்னூற்றுச் சொச்சம் பேர். இரண்டு பேர் உட்கார்ந்தால் அரை நாள் வேலை. பி.பி.-100-ல் அது பதினைந்து வரிப் புரோகிராம். கூலியைத் தட்டினால், நூறு போகுமா, போனால் எத்தனை, மிச்சத்தில் ஐம்பது போகுமா என்று அதுவே கேட்டுக்கொண்டு போய், ஏழு இடங்களில் எண்ணிக்கையைக் கூட்டிவைக்கும்.

ஒரு சனிக்கிழமை, காசுகளை ரூபாய்க்கு முழுமையாக்கும் வரியை நான் விட்டுவிட்டேன். கவர் போட்டு முடிக்கும்போது ரொக்கம் குறைந்தது. கணக்கரே தன் பணத்தைப் போட்டுச் சமாளித்தார். திங்கள் காலை அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அதற்கப்புறம் அந்தத் தவறு வரவே இல்லை. கையால் செய்தபோது ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் புதிதாக ஒரு தவறு செய்வோம். இயந்திரத்தில் ஒருமுறை திருத்தினால் திருத்தியதுதான். அன்றைக்கு எனக்குப் புரிந்த வித்தியாசம் இது.

'இருந்தால் இப்படிப் போ, இல்லாவிட்டால் அப்படிப் போ' என்ற கட்டளையை ஏற்று, அதை ஞாபகமும் வைத்துக்கொண்டால் அது கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டது என்பேன். அந்தக் கட்டளை புரோகிராமா 101-லேயே இருந்தது.

9 மார்ச், இரவு

ஃபாசிட் பேச்சு வந்ததால் ஒன்று. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பக்கம் போனவர்களுக்கு ஃபாசிட் பெயர் தெரியும், சென்னை பெருங்குடியில் ஆலையே இருந்தது. தாய்க் கம்பெனி சுவீடனில். 1970 வாக்கில் உலகம் முழுக்கச் சுமார் 14,000 பேர் வேலை செய்த நிறுவனம். இயந்திரக் கால்குலேட்டரில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மின்னணு வருவது தெரியாமல் இல்லை. அறுபதுகளிலேயே ஜப்பானின் ஷார்ப்போடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் செய்ததைத் தங்கள் பெயரில் விற்றார்கள். ஆனால் தங்கள் ஆலைகள் முழுக்கப் பல்சக்கரம் வெட்டும் ஆட்கள். மின்னணு வேகமாக விலை இறங்கியதும் ஓரிரு வருடத்தில் எல்லாம் சரிந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போனது. அந்த மணிச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான். அவ்வளவு நேர்த்தியான வேலை.

12 மார்ச்

இதுவரை ஜப்பானைத் தொடவே இல்லை, தவறு. இந்தக் கதையின் நடுத்தூணே அங்கேதான் இருக்கிறது.

பிசிகாம் என்று ஒரு கால்குலேட்டர் கம்பெனி. 1969-ல் புது மேசைக் கால்குலேட்டருக்குச் சிப் செய்து தரும்படி இன்டெல்லிடம் போனார்கள். அவர்கள் கேட்டது தனித்தனி வேலைக்குத் தனித்தனி சிப். இன்டெல்லின் டெட் ஹாஃப், இத்தனை வேண்டாம், நினைவகத்திலிருந்து கட்டளை படித்து நடத்தும் பொதுவான சிப் ஒன்று போதும் என்று யோசனை சொன்னார். ஃபெடரிகோ ஃபாகின் அதைச் சிலிக்கானில் வடித்தார். பிசிகாம் தன் பொறியாளர் மசாதோஷி ஷிமாவை வேலை எந்த அளவில் இருக்கிறது என்று சரிபார்க்க அனுப்பியது. வந்து பார்த்தால் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. சரிபார்க்க வந்தவர் அங்கேயே உட்கார்ந்து வடிவமைப்பில் கைகொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் 2,300 டிரான்சிஸ்டர் கொண்ட 4004. பிசிகாமின் 141-பி.எஃப். கால்குலேட்டர் அதில் ஓடியது.

ஒப்பந்தப்படி அந்தச் சிப் பிசிகாமுக்கு மட்டும் உரியது. கால்குலேட்டர் விலைப்போர் சூடுபிடித்ததும் பிசிகாம் சிப் விலையைக் குறைக்கச் சொன்னது. குறைக்கிறோம், ஆனால் கால்குலேட்டர் அல்லாத பயன்களுக்கு நாங்கள் மற்றவர்களுக்கும் விற்போம் என்றது இன்டெல். பிசிகாம் சரி என்றது. 1971 நவம்பரில் 4004 விளம்பரம் வந்தது. எம்.ஐ.டி.எஸ். 816 அட்டைப்படமாக வந்த அதே மாதம். பிசிகாம் 1974-ல் திவாலானது.

ஷிமா? இன்டெல்லில் சேர்ந்து 8080 வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தார். அதுதான் ஆல்டேருக்குள் இருந்தது. பிறகு சைலாக் என்ற கம்பெனிக்குப் போய் இசட்80 சிப்பை வடிவமைத்தார். சின்கிளேரின் இசட்.எக்ஸ்.80 கம்ப்யூட்டர் பெயரிலேயே அதன் எண் இருக்கிறது. ஒரு கால்குலேட்டர் கம்பெனி வரைபடம் பார்த்துவர அனுப்பிய ஆள், மற்ற கால்குலேட்டர்காரர்கள் தப்பிப் போய் ஏறிய இரண்டு படகுகளையும் செய்திருக்கிறார். எனக்கு இது எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

13 மார்ச்

பிரிட்டன்காரர் கிளைவ் சின்கிளேர் பற்றிச் சுருக்கமாக. 1972-ல் எக்ஸிகியூட்டிவ் என்ற மெல்லிய கால்குலேட்டர், 79.95 பவுண்டு. மின்கலம் சீக்கிரம் தீராமலிருக்கச் சிப்புக்கு மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டு விட்டுக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் சிப் தன் நிலையை மறப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். இருக்கிற சிப்பைப் பிழிந்து வேலை வாங்கும் இந்தக் கைப்பழக்கம்தான் 1980-ல் 99.95 பவுண்டுக்கு இசட்.எக்ஸ்.80 கொடுக்கவும் உதவியது. முதல் கேள்வியில் "கால்குலேட்டர் செய்யத் தெரிந்தால்" என்று இருந்ததே, அது இவருக்கு ஓரளவு பொருந்தும்.

16 மார்ச்

காமடோர். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், நீளும் என்று.

ஜாக் டிரமியல் போலந்தின் ஊட்ஜில் பிறந்தவர், ஆஷ்விட்சிலிருந்து உயிரோடு மீண்டவர். நியூயார்க்கில் தட்டச்சுப் பொறி பழுதுபார்ப்பு, பிறகு டொரோன்டோவில் கம்பெனி. தட்டச்சுப் பொறி, கூட்டல் பொறி, கால்குலேட்டர் என்று சந்தையோடு மாறிக்கொண்டே வந்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே களத்தில் இறங்கியபோது அடி வாங்கியவர்களில் இவரும் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட பாடம், சிப்புக்கு இன்னொருவர் வாசலில் நிற்கக் கூடாது. 1976-ல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியையே வாங்கினார். கால்குலேட்டர் சிப்புக்காகத்தான். அந்தக் கம்பெனியோடு சேர்ந்து சக் பெடில் என்ற பொறியாளரும், 25 டாலருக்கு விற்ற 6502 சிப்பும் வந்தன. இனி கால்குலேட்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் செய்வோம் என்று பெடில் சொன்னார். 1977-ல் பெட் 2001 என்ற கம்ப்யூட்டர் வந்தது.

பெட் படத்தைத் தேடிப் பாருங்கள். விசைகள் சின்னச் சின்னச் சதுரங்களாக நெருக்கமாக இருக்கும், அப்படியே கால்குலேட்டர் பொத்தான். உடம்பு தகரம். டொரோன்டோவில் அவர்களுக்கு அலுவலக அலமாரி செய்யும் தகர வேலைப் பட்டறை இருந்தது, அங்கேயே மடித்தார்கள். பக்கத்தில் கேசட் கருவி, மேலே திரை, உள்ளே பேசிக், 795 டாலர். ஆல்டேர் போல யாரும் பற்றவைக்க வேண்டாம். செருகியை மாட்டினால் எழுத்து தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் 1979-ல் வீட்டுக் கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தது. 1982, 83-ல் டிரமியல் விலையை இறக்கினார், அவர்களும் இறக்கினார்கள், அவர் மறுபடி இறக்கினார். இந்த முறை காமடோருக்குச் சொந்தச் சிப் ஆலை இருந்தது. 1983 அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கைவிட்டது. பத்து வருடம் முன்பு கால்குலேட்டரில் வாங்கிய அடியை அதே ஆளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

17 மார்ச்

"இன்று ஒருவரும் களத்தில் இல்லை" என்ற வாசகரின் வரியை நான் இத்தனை நாள் மறுக்காமலே விட்டிருக்கிறேன். ஒருவர் சுட்டிக்காட்டினார், எச்.பி. மடிக்கணினியில் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறேன் என்று. சரியான பேச்சு. எச்.பி. இன்றும் உலகின் பெரிய கம்ப்யூட்டர் விற்பனையாளர்களில் ஒன்று. வாங் 1992-ல் திவால் பாதுகாப்புக் கேட்டது, காமடோர் 1994-ல் முடிந்தது, எம்.ஐ.டி.எஸ்.ஸை ராபர்ட்ஸ் 1977-லேயே விற்றுவிட்டு, பிறகு மருத்துவம் படித்து ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூரில் டாக்டராக இருந்தார்.

எச்.பி. மட்டும் ஏன் நிலைத்தது? அவர்கள் வாடிக்கையாளர் ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் இருந்தார், விலை நூறு டாலர் குறைந்ததற்காகக் கடை மாற மாட்டார். 1981-ல் ஐ.பி.எம். தன் பி.சி.யைக் கொண்டுவந்து, எல்லாரும் அதற்கு ஒத்துப்போக வேண்டிய நிலை வந்தபோது, தனி வழியில் போன சின்ன இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. இது என் கருத்து, மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

20 மார்ச்

நம் பக்கத்து உதாரணம் ஒன்றை விட்டுவிட்டால் எனக்கே மனசு ஆறாது. திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி.யில் படித்த சிவ் நாடார், டெல்லியில் டி.சி.எம். கம்பெனியின் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் சகாக்களோடு வெளியேறி மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கால்குலேட்டர் விற்றார். நோக்கம் கம்ப்யூட்டர்தான், அதற்கு முதல் சேர்க்கக் கால்குலேட்டர். 1976-ல் எச்.சி.எல். பிறந்தது, உத்தரப் பிரதேச அரசு 26 சதவீதப் பங்கு எடுத்தது. 1978-ல் 8சி என்ற கம்ப்யூட்டர் வந்தது. ஐ.பி.எம். இந்தியாவை விட்டுக் கிளம்பியதும் அதே வருடம்தான்.

இவர்களை என் இரண்டு கூட்டத்தில் எதில் வைப்பது? ஏறியவர்களும் இல்லை, துரத்தப்பட்டவர்களும் இல்லை. போக வேண்டிய ஊரை முதலிலேயே முடிவு செய்து, வழிச்செலவுக்குக் கால்குலேட்டர் விற்றவர்கள். மூன்றாவது கூட்டம் என்று வைத்துக்கொள்கிறேன்.

24 மார்ச்

பி.பி.-100 இன்னும் இருக்கிறதா என்று கேட்ட தம்பிக்கு: இருக்கிறது. நேற்று பீரோவில் தேடி எடுத்தேன். இரண்டு பொத்தான் மின்கலம் வாங்கிப் போட்டேன், உயிர் வந்தது. பழைய புரோகிராம் எல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. எழுதும் நிலைக்கு மாற்றினால் திரையின் மேல் மூலையில் 544 என்று, அப்படியே முழுசாக. நோட்டுப் பிரிக்கும் புரோகிராமை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மேலே 500-ம் 200-ம் சேர்க்க வேண்டும். காசை முழுமையாக்கும் வரியை முதலில் எழுதிவிட்டேன்.